கனமான பாஸ் பெடல் சிந்தசைசருக்கு எந்த ஸ்டாண்டு நிற்கும்?

கோலாலம்பூரின் செந்தூலில் உள்ள ஒரு மெல்லிசைக் குழுவின் கீபோர்டு கலைஞர் கேட்டிருக்கும் கேள்வி இது. பாஸ் கிட்டார் வாசித்தவர் குழுவை விட்டு விலகிய பிறகு, அந்த இடத்தை நிரப்ப அவர் மோக் நிறுவனத்தின் பழைய டாரஸ் 3 ஒன்றை வாங்கியிருக்கிறார். மிதிக்கட்டைகளை அழுத்தித் தாழ்ந்த (பாஸ்) ஸ்வரங்களை எழுப்பும் மின்னணுக் கருவி அது. மேடையில் காலாலும் வீட்டில் ஒத்திகையின்போது கையாலும் அதை வாசிக்க விரும்புகிறார். ஏற்கெனவே இருக்கும் எக்ஸ் வடிவ ஸ்டாண்டில் வைத்தால் கருவி ஆடுகிறது. "இன்னும் அதிக எடை தாங்கும் எக்ஸ் ஸ்டாண்டு வாங்கினால் போதுமா, அல்லது வேறு வகைக்கு மாற வேண்டுமா?" என்று கேட்கிறார்.

வேறு வகைக்குத்தான் மாற வேண்டும். நான்கு கால்களும் சட்டமும் கொண்ட மேசை வகை ஸ்டாண்டே இந்தக் கருவிக்குப் பொருந்தும். கடையில் சரியான அளவில் கிடைக்காவிட்டால், வெல்டிங் பட்டறையில் செய்துகொள்வது விலை உயர்ந்த எக்ஸ் ஸ்டாண்டை வாங்குவதைவிட நல்லது. உங்கள் கருவி ஆடுவதற்குக் காரணம் அதன் எடை மட்டும் அன்று. அந்த எடை எங்கே குவிந்திருக்கிறது, நீங்கள் எங்கே அழுத்துகிறீர்கள் என்பவையே முதன்மைக் காரணங்கள். ஆகவே 60 கிலோ தாங்கும் என்று எழுதியிருக்கும் எக்ஸ் ஸ்டாண்டை 100 கிலோ தாங்கும் எக்ஸ் ஸ்டாண்டாக மாற்றினாலும் ஆட்டம் கொஞ்சம்தான் குறையும்.

முதலில் கருவியின் உருவத்தைக் கவனியுங்கள். 1970களின் நடுவில் வெளிவந்த முதல் டாரஸ், காலால் மிதித்து வாசிப்பதற்கென்றே 13 மிதிக்கட்டைகளுடன் தரையில் வைக்கும் பெட்டியாக உருவானது. 1981இல் வந்த இரண்டாவது டாரஸில் 18 மிதிக்கட்டைகள் இருந்தன. 2010இல் வந்த மூன்றாவதில் மீண்டும் 13 ஆயின. இவற்றில் எதையும் ஸ்டாண்டின் மேல் ஏற்றும் எண்ணத்துடன் வடிவமைக்கவில்லை. கடைகளில் விற்கும் ஸ்டாண்டுகளோ 61 அல்லது 88 கட்டைகள் கொண்ட, நீளமும் தட்டையுமான கீபோர்டுகளுக்காகச் செய்யப்பட்டவை. உங்கள் கருவி அகலத்தில் அவற்றைவிட மிகவும் குறுகியது, முன்பின் ஆழத்தில் அவற்றைவிட அதிகம். எடையும் சீராகப் பரவியிருக்கவில்லை: முன்பக்கம் நீண்டிருக்கும் மிதிக்கட்டைகள் ஒப்பளவில் இலேசானவை, மின்னணுப் பலகைகளும் உலோகக் கூடும் உள்ள பின்பகுதியே கனமானது. நீங்கள் அழுத்துவதோ அந்த இலேசான முன்பகுதியில்.

எக்ஸ் ஸ்டாண்டின் வடிவம் இங்கேதான் காலை வாருகிறது. அதன் உயரத்தைக் கூட்டினால் மேலே உள்ள இரண்டு தாங்கு கைகளும் ஒன்றையொன்று நெருங்கும். கீழே உள்ள கால்களும் நெருங்கும். உயரத்தைக் குறைத்தால் இரண்டும் விலகும். உட்கார்ந்து வாசிக்கும் அளவுக்குத் தாழ்த்தும்போது கைகள் விரிந்து, குறுகலான பெடல் பெட்டியின் அகலத்தையே தாண்டிவிடக்கூடும். அதைத் தவிர்க்க உயர்த்தினால் கால்கள் நெருங்கி, இட வலமாகச் சாய்வது எளிதாகிறது. முன்பின் திசையிலோ கைகளின் நீளம் மாறாதது. பெரும்பாலான மாடல்களில் அது வழக்கமான கீபோர்டின் ஆழத்துக்கே போதுமானதாக இருக்கும். இரட்டைக் குழாய் போட்ட வலுவான எக்ஸ் ஸ்டாண்டிலும் இந்த மூன்று குறைகளும் அப்படியே இருக்கும். குழாய் வளையாது என்பது மட்டுமே அதில் நீங்கள் பெறும் கூடுதல் நன்மை.

எதை வாங்குவதற்கு முன்பும் மூன்று அளவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். எடைக்கு, ஊருக்குப் போகும்போது பெட்டியைத் தூக்கிப் பார்க்கும் கைத்தராசே போதும். கருவியை ஒரு பட்டையால் கட்டித் தூக்கிப் பார்க்கலாம். இந்த வகைக் கருவிகள் 20 கிலோவை ஒட்டி இருக்கும் என்று வைத்துக்கொண்டு கீழே கணக்குப் போடுகிறேன், உங்கள் தராசு காட்டும் எண்ணை அதில் பொருத்திக்கொள்ளுங்கள். இரண்டாவது, கருவியின் அடியில் உள்ள ரப்பர் பாதங்களுக்கு இடையிலான தூரம், அகலவாட்டிலும் ஆழவாட்டிலும். மூன்றாவதைப் பெரும்பாலோர் அளப்பதே இல்லை: எடை மையம் எங்கே இருக்கிறது என்பது. தரையில் ஒரு கம்பளத்தின் மேல் துடைப்பக் கட்டை போன்ற உருளையான கம்பை வைத்து, அதன்மேல் கருவியை இருத்தி, இருவராகப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் மெல்ல நகர்த்துங்கள். இரு பக்கமும் சாயாமல் நிற்கும் இடத்தில் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு டேப் துண்டை ஒட்டி வையுங்கள். இனி எல்லா முடிவுகளும் அந்த டேப்பை வைத்துத்தான்.

ஏன் என்று கணக்காகச் சொல்கிறேன். 20 கிலோ கருவியின் எடை மையம், ஸ்டாண்டின் முன்கால்கள் தரையைத் தொடும் கோட்டிலிருந்து 20 செ.மீ. உள்ளே இருக்கிறது என்றும், மிதிக்கட்டைகளின் முனை அதே கோட்டிலிருந்து 10 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஸ்டாண்டின் சொந்த எடையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், முனையில் 40 கிலோ அழுத்தம் விழுந்தால்தான் பின்கால்கள் தரையை விட்டு எழும். கையால் வாசிப்பவர் யாரும் அவ்வளவு அழுத்த மாட்டார். அதே கருவியைச் சற்று முன்னால் தள்ளி வைத்ததால் எடை மையம் 12 செ.மீ. உள்ளேயும் முனை 18 செ.மீ. வெளியேயும் வந்துவிட்டால், 13 கிலோ சொச்சம் போதும். எழுந்திருக்கும்போது கருவியின் மேல் கையை ஊன்றினாலே அவ்வளவு எடை இறங்கிவிடும். எட்டு செ.மீ. இடமாற்றம் பாதுகாப்பை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துவிடுகிறது. விளம்பரத்தில் அச்சிட்டிருக்கும் தாங்கு எடை இதைப் பற்றி ஒன்றுமே சொல்வதில்லை. அது எடையை நடுவில், அசையாமல் வைத்தால் எவ்வளவு தாங்கும் என்பதற்கான எண். அதனால் கருவி, அடியில் போடும் பலகை, கையின் அழுத்தம் எல்லாம் சேர்த்து 38 கிலோ வரும் என்றால், குறைந்தது அதைப்போல் இரு மடங்கு குறிப்பிட்டிருக்கும் ஸ்டாண்டைத் தேடுவதே என் வழக்கம்.

இதே கணக்கிலிருந்து இன்னொன்றும் புலப்படும். ஸ்டாண்டின் மேல் ஏற்றிய பெடலைக் காலால் வாசிக்கக் கூடாது. 70 கிலோ எடையுள்ளவர் ஒரு காலை ஊன்றினாலே 30 கிலோவுக்கு மேல் போய்விடும். தாளத்துக்கு ஏற்பத் தட்டும்போது கணநேர அழுத்தம் இன்னும் ஏறும். உயரமான நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கால் உயரத்துக்குத் தூக்கி வைத்த பெடலை மிதிக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. மிதிக்க வேண்டுமானால் தரையிலோ, தரையை ஒட்டிய கெட்டியான மரப்பெட்டியிலோ வைத்துக்கொள்ளுங்கள். ஆக, உங்களுக்கு வேண்டியது கையால் வாசிப்பதற்கான ஒரு ஸ்டாண்டும், காலால் வாசிப்பதற்கான ஒரு தரை ஏற்பாடும். இரண்டையும் ஒரே பொருளில் அடக்கப் பார்த்தால் இரண்டும் கெடும்.

உயரத்தை இப்படி முடிவு செய்யலாம். பியானோ போன்ற கருவிகளில் கட்டைகளின் மேற்பரப்பு தரையிலிருந்து ஏறத்தாழ 72 செ.மீ. உயரத்தில் இருக்கும். உங்கள் பெடலின் அடியிலிருந்து மிதிக்கட்டையின் மேற்பரப்பு வரை உள்ள உயரத்தை அளந்து, அடியில் போடும் பலகையின் கனத்தையும் சேர்த்து, 72இலிருந்து கழித்தால் ஸ்டாண்டின் தாங்கு கைகள் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பது கிடைக்கும். பெரும்பாலும் 55க்கும் 60க்கும் இடையில் வரும். நின்று வாசிப்பவர் முழங்கை உயரத்திலிருந்து அதேபோல் கழித்துக்கொள்ளலாம், ஆனால் நான் உட்கார்ந்து வாசிப்பதையே பரிந்துரைப்பேன். ஒரே குழாய்க்கால் பக்கவாட்டில் வளைந்து ஆடும் அளவு அதன் நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தை ஒட்டி மாறுகிறது. 90 செ.மீ. காலை 70 செ.மீ. ஆக்கினால் அந்த வளைவு பாதிக்கும் கீழே போய்விடுகிறது. காசு செலவில்லாமல் உறுதியைக் கூட்டும் வழி இதுதான்.

இப்போது வகைகள். மேசை வகையில் நான்கு கால்கள், அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள், முன்பின் திசையில் இரண்டு தாங்கு கைகள் இருக்கும். ஜெர்மனியின் கோனிக் அண்ட் மேயர், இத்தாலியின் குவிக்லாக் போன்ற நிறுவனங்கள் இந்த வகையில் நீண்ட காலமாகச் செய்து வருகின்றன. வாங்கும்போது நீங்கள் பார்க்க வேண்டியது மிகக் குறைந்த உயரம், மிகக் குறைந்த அகலம் ஆகிய இரண்டு எண்களை. எல்லாரும் பார்க்கும் மிக அதிக அளவுகள் உங்களுக்குத் தேவையே இல்லை. மேசை வகையில் சில மாடல்கள் 60 செ.மீ.க்குக் கீழே இறங்குவதில்லை, சிலவற்றில் சட்டத்தின் அகலம் ஒரு மீட்டருக்குக் குறையாது. அப்படிப்பட்டதாக இருந்தாலும் மற்ற அம்சங்கள் சரியென்றால் ஒதுக்கிவிட வேண்டாம். இரண்டு கைகளுக்குக் குறுக்கே பலகை போட்டு அகலக் குறையைத் தீர்த்துவிடலாம். உயரக் குறையைச் சற்று உயரமான இருக்கையால் சமாளிக்கலாம்.

பக்கவாட்டிலிருந்து பார்த்தால் இசட் எழுத்துப்போல் தெரியும் ஸ்டாண்டு இட வல ஆட்டத்தில் மிகவும் உறுதியானது. கால் வைக்க இடமும் தாராளம். ஆனால் சாய்வாகப் போகும் குழாய் மேல்கீழாகச் சற்றுத் துள்ளும். கனமான பின்பகுதி அந்தச் சாய்வுக்கு நேர் மேலே வருமாறு வைத்தால் துள்ளல் குறையும், முற்றிலும் நிற்காது. மென்மையாக வாசிப்பவருக்கு இது போதும். நடுத்தூணிலிருந்து கைகள் நீண்டு நிற்கும் ஒற்றைத் தூண் வகையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஆழமான, பின்பாரம் உள்ள கருவிக்கு அது பொருந்தாது.

எந்த வகையானாலும் கருவியை வெறும் குழாய்களின் மேல் வைக்காதீர்கள். பல கருவிகளின் அடித்தகடு மெல்லியது, எடையைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதன்று. பாரம் முழுவதும் ரப்பர் பாதங்களின் வழியாகவே இறங்க வேண்டும். 18 மி.மீ. பிளைவுட்டில் 60 செ.மீ.க்கு 50 செ.மீ. அளவில் ஒரு துண்டை அறுத்துக்கொள்ளுங்கள், அதன் எடை மூன்று கிலோவை ஒட்டி இருக்கும். அதை யூ வடிவ போல்ட்டுகளால் தாங்கு கைகளோடு இறுக்கி, ரப்பர் பாதங்கள் வந்து அமரும் இடங்களைக் குறித்து, சுற்றிலும் சிறிய மரச்சட்டம் அடித்துவிட்டால் கருவி எந்தப் பக்கமும் நழுவாது. முன்பு ஒட்டிய டேப்பின் குறியை இப்போது பயன்படுத்துங்கள்: எடை மையம், ஸ்டாண்டின் முன்கால்களுக்கும் பின்கால்களுக்கும் நடுவில், அல்லது நடுவைவிடச் சற்றுப் பின்னே வர வேண்டும். ஆனால் பின்கால்களின் கோட்டை நெருங்கிவிடக் கூடாது, கேபிளை யாராவது பின்னாலிருந்து இழுத்தால் அந்தப் பக்கம் கவிழும். கேபிள்களை ஸ்டாண்டின் காலில் ஒரு சுற்றுச் சுற்றி வெல்க்ரோ பட்டையால் கட்டிவிட்டால், இழுப்பு காலோடு நின்றுவிடும், கருவிக்குப் போகாது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் கருவியையும் பலகையையும் சேர்த்து ஒரு நாடாவால் கட்டிவிடுங்கள்.

கோலாலம்பூரில் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் அதிகம் என்பது பலகைக்கும் இரும்புக்கும் பொருந்தும் செய்தி. பிளைவுட்டின் வெட்டிய விளிம்புகளை வார்னிஷ் பூசி அடைக்காவிட்டால் நாளடைவில் ஓரங்கள் உப்பி அடுக்குகள் பிரியும். குளிர்சாதன அறையிலிருந்து கருவியை எடுத்து வேனில் ஏற்றி, வெளியே கோயில் திருவிழா மேடையில் இறக்கும்போது உலோகப் பகுதிகளில் நீர் பூக்கும். அங்கே போய்ச் சேர்ந்ததும் உடனே மின்சாரம் கொடுக்காமல் அரை மணி நேரம் விட்டு வையுங்கள். மலிவான ஸ்டாண்டுகளில் குழாயின் முனைகளை மூடும் பிளாஸ்டிக் தொப்பி கழன்று விழுந்ததும் உள்ளிருந்து துரு தொடங்கும். வெளியே வண்ணம் பளபளவென்று இருக்கும், உள்ளே குழாய் மெலிந்துகொண்டே போகும். பழைய ஸ்டாண்டு வாங்குவோர் முனைத் தொப்பியைக் கழற்றி விளக்கு அடித்துப் பார்க்க வேண்டும்.

பட்டறையில் செய்வது பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த நகரில் அது கடினமன்று. சான் சோவ் லின் வட்டாரத்திலோ, உங்கள் வீட்டுக்கு அருகில் கேட், கிரில் செய்யும் எந்தப் பட்டறையிலோ 25 மி.மீ. சதுரக் குழாய், 1.6 மி.மீ. கனத்தில் கேட்டால் கிடைக்கும். ஒரு மீட்டர் குழாய் ஏறத்தாழ 1.2 கிலோ இருக்கும். நான்கு கால்கள், மேல்சட்டம், பின்பக்கமும் இரு பக்கவாட்டிலும் கீழ்ச்சட்டம் என்று கூட்டினால் ஆறு மீட்டர் குழாய், ஏழு கிலோ சொச்சம். முன்பக்கத்தில் கீழ்ச்சட்டம் வேண்டாம், உங்கள் முழங்கால் இடிக்கும். அதற்கு ஈடாக முன்பக்க மூலைகள் இரண்டிலும் முக்கோணத் தகடு வைத்து வெல்டு செய்யச் சொல்லுங்கள். நாற்கரச் சட்டம் எவ்வளவு தடிமனானாலும் மூலையில் நெளியும், முக்கோணம் நெளியாது. கால்களை நேராக இறக்காமல் முன்னும் பின்னும் சில செ.மீ. விரித்து இறக்கினால், மேலே சொன்ன கவிழும் கணக்கில் உங்கள் பக்கம் பலம் கூடும். கால் முனைகளில் எம்10 (10 மி.மீ. தடிமன்) திருகு கொண்ட ரப்பர் பாதங்கள் பொருத்தினால் மேடு பள்ளமான மேடையிலும் சமன் செய்துகொள்ளலாம். பட்டறைக்காரருக்கு வாயால் விளக்குவதைவிட, கருவியின் பாத அளவுகளைக் குறித்த ஓர் அட்டைப் பலகையை வெட்டிக் கையில் கொடுப்பது மேல். சாதாரணப் பெயிண்டைவிடப் பௌடர் கோட்டிங் நீடிக்கும், கூடுதல் செலவுக்குத் தகும். இதன் ஒரே குறை, மடக்க முடியாது என்பது. உங்கள் ஸ்டாண்டு வீட்டு ஒத்திகைக்கு மட்டும் என்பதால் அது பெரிய குறையாகாது.

பாஸ் கருவிக்கே உரிய தொல்லை ஒன்றும் உண்டு. டாரஸின் தாழ்ந்த ஸ்வரங்களில் ஒலிபெருக்கியின் அதிர்வு தரை வழியாக ஸ்டாண்டுக்கு ஏறி, தளர்ந்திருக்கும் திருகு, வாஷர், தொப்பி எல்லாவற்றையும் கடகடக்க வைக்கும். ஒரு குறிப்பிட்ட ஸ்வரத்தில் மட்டும் கருவி கெட்டுவிட்டதுபோல் ஓசை வருகிறது என்றால், பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோகும் முன் ஸ்டாண்டைக் கையால் இறுகப் பிடித்துக்கொண்டு அதே ஸ்வரத்தை வாசித்துப் பாருங்கள். ஓசை நின்றால் காரணம் ஸ்டாண்டில்தான். பூட்டு வாஷர் போட்டு இறுக்குவதும், பலகைக்கும் குழாய்க்கும் இடையில் மெல்லிய ரப்பர் தாள் வைப்பதும் பெரும்பாலும் போதும். அடுக்குமாடி வீட்டில் இருப்பவர் கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பும் போட வேண்டும், கீழ்வீட்டுக்காரரின் உறக்கத்துக்காக.

மேடை ஏற்பாடு எளிது. பெடல் தரையில் இருக்கும், மேலே உங்கள் வழக்கமான கீபோர்டு மேசை வகை அல்லது இசட் வகை ஸ்டாண்டில் இருக்கும். எக்ஸ் ஸ்டாண்டின் குறுக்குக் கால்கள் பாதத்துக்கு இடையூறாகும் என்பதால் அங்கும் அதைத் தவிருங்கள். மண்டபங்களின் மார்பிள் தரையில் பெடல் மெல்ல மெல்ல முன்னே நகர்ந்துகொண்டே போகும். அடியில் ரப்பர் முதுகுள்ள விரிப்பைப் போட்டு, உங்கள் பக்கம் இருக்கும் அதன் விளிம்பின் மேல் உங்கள் இருக்கையின் முன்கால்களை வைத்துவிட்டால் உங்கள் எடையே அதைப் பிடித்துக்கொள்ளும். குழாய்ச் சாரத்தின் மேல் பலகை அடித்த தற்காலிக மேடை என்றால், இரு பலகைகள் சேரும் இடத்தில் பெடலை வைக்காதீர்கள்.

இவ்வளவு செலவும் தேவையா என்பதையும் ஒருமுறை யோசித்துக்கொள்ளுங்கள். டாரஸ் 3இல் மிடி உள்ளீடு, அதாவது வேறொரு கீபோர்டிலிருந்து அதை வாசிக்க உதவும் இணைப்பு, இருக்கிறது. ஒத்திகையில் கையால் வாசிக்க வேண்டும் என்பது மட்டுமே நோக்கம் என்றால், பெடலைத் தரையிலேயே விட்டுவிட்டு, சிறிய மிடி கீபோர்டு ஒன்றை இணைத்து டாரஸின் ஒலியை மேலிருந்தே வாசிக்கலாம். அந்தக் கீபோர்டுக்கு இப்போதுள்ள எக்ஸ் ஸ்டாண்டே தாராளம். ஒலியமைப்புக் குமிழ்களை அடிக்கடி திருகுபவர், மிதிக்கட்டைகளையே உள்ளங்கையால் அழுத்தி வாசிக்கும் முறையை விரும்புபவர் ஆகியோருக்குத்தான் ஸ்டாண்டு உண்மையில் வேண்டும். நீங்கள் இரண்டாம் வகை என்று உங்கள் கேள்வியிலிருந்து ஊகித்தே மேற்கண்டவற்றை எழுதினேன்.

கடைக்குப் போய் வாங்குவதானால், காட்சிக்கு நிறுத்தியிருக்கும் ஸ்டாண்டை நீங்கள் வாசிக்கப்போகும் உயரத்துக்கு இறக்கச் சொல்லி, ஒரு பலகையைக் குறுக்கே போட்டு, அதன் பின்பாதியில் இரண்டு பத்துக் கிலோ அரிசி மூட்டைகளை வைத்து, முன்விளிம்பை உள்ளங்கையால் நன்றாக அழுத்திப் பாருங்கள். பின்கால்கள் அசைகின்றனவா, பக்கவாட்டில் தள்ளிவிட்டால் எத்தனை முறை ஆடி ஓய்கிறது, பூட்டுக் குமிழ் தானாகத் தளர்கிறதா என்ற மூன்றும் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். மூட்டையோடு வருகிறீர்களே என்று கடைக்காரர் சிரிக்கலாம், சிரிக்கட்டும். இணையத்தில் வாங்கினால் திருப்பி அனுப்பும் காலக்கெடு முடிவதற்குள் இதே சோதனையை வீட்டில் செய்துவிடுங்கள். கருவியை அதற்குப் பிறகு ஏற்றலாம்.